ஏசி வண்டிக்குச் சீயக்காய்

1974 மே 17, வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி நாற்பது நிமிடம். அக்கினி நட்சத்திரம். வானத்தில் மேகம் மூன்று. மூன்றும் காரைக்குடிக்கென்று வந்தவை அல்ல, வேறு ஊருக்குப் போய்க்கொண்டிருந்தன. வாசல் சுவரில் மாட்டியிருந்த தெர்மாமீட்டர் நூற்று நான்கு காட்டியது. அந்த நேரத்தில்தான் என் பிக்கப் வண்டியில் ஏறி உட்கார்ந்து ஏசியைத் திருகினேன். இட்லிக் கொப்பரை மூடியைத் திறந்ததுபோல் முகத்தில் அடித்தது சூடு.

பிக்கப் வண்டிக்கு ஏசி எதற்கு என்று என்னைக் கேட்காதவர்கள் ஊரில் நான்கு பேர். அதில் இரண்டு பேருக்குக் காது கேட்காது. பினாங்கில் கடையை மூடிவிட்டுத் திரும்பிய பங்காளி ஒருவர் கப்பலில் கொண்டுவந்த வண்டியை நான் வாங்கியிருந்தேன். ஆத்தங்குடியிலிருந்து தரைக்கல் ஏற்றிவந்து விற்பது அப்போது என் தொழில். கல் பின்னால் வெயிலில் வரும். நான் முன்னால் குளிரில் வருவேன். இதைப் பொறுக்காதவர்கள் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை மதராஸ் ரயிலில் மாப்பிள்ளையின் தகப்பனார் வருவதாக இருந்தது. என் இளைய மகளுக்காக ஒன்பது கடிதம் போட்டு ஏழு கடிதம் வந்த சம்பந்தம். அவருக்கு நெஞ்சுப் படபடப்பு. மே மாத வெயிலில் அலைய டாக்டர் சம்மதிக்கவில்லை, ஆவணியில் பேசிக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தார். ஆவணிக்குள் அவர் வீட்டுக்கு வேறு இரண்டு ஜாதகமாவது போய்விடும். 'எங்கள் வண்டியில் ஏசி இருக்கிறது, ஊட்டி மாதிரி இருக்கும்' என்று பத்தாவது கடிதம் போட்டேன். அதை நம்பித்தான் மனிதர் புறப்பட்டார்.

ஊரில் குளிரைப் பற்றித் தெரிந்தவர் என்று பெயர் வாங்கியிருந்தவர் ஐஸ் பாக்டரி மெக்கானிக். மத்தியானம் வந்தார். பானட்டைத் திறக்கும் முன்பே நோயைச் சொல்லிவிட்டார்.

"கேஸு போயிருச்சுண்ணே. வேற ஒண்ணுமில்ல."

"பாக்காமயே சொல்றீகளே?"

"எத்தனை ஐஸ் பொட்டி பாத்திருக்கேன். எல்லாத்துக்கும் உசுரு கேஸுதான்."

சிலிண்டரை மாட்டி ஏற்றினார். வண்டி குளிரவில்லை, பிரசவ வலி கண்ட மாடுபோல முனகியது. "இன்னுங் கொஞ்சம் ஏத்துவம்" என்று பதினொரு தடவை சொன்னார். தெர்மாமீட்டரைக் கழற்றி வண்டிக்குள் வைத்துப் பார்த்தேன். முன்பைவிட இரண்டு டிகிரி கூடியிருந்தது. "சீமை வண்டிண்ணே. நம்ம ஊரு தண்ணி அதுக்கு ஒத்துக்கலை" என்று சொல்லிக் கூலியை வாங்கிக்கொண்டு போனார். ஏசி என்ன தண்ணியா குடிக்கிறது என்று கேட்க எனக்கு மறுநாள்தான் தோன்றியது.

மறுநாள் சனிக்கிழமை காலை ஏழே காலுக்கு ரேடியேட்டர் ஓட்டை அடைக்கும் பாயிடம் போனேன். சிங்கப்பூரில் ஆறு வருடம் வண்டி வேலை பார்த்தவர். கூலி குறைவாக வாங்குவார் என்பதால் அவருக்கு வேலை தெரியாது என்று அதுவரை நினைத்திருந்தேன். அவர் வந்து பானட்டைத் தொடவேயில்லை. முன்பக்கக் கம்பி இடுக்கில் விரலை விட்டு, எடுத்து முகர்ந்தார்.

"என்னண்ணே, தேங்காயெண்ணெய் மணக்குது? தாளிச்சு வச்சிருக்கீகளா?"

ரேடியேட்டருக்கு முன்னால் மெல்லிய தகடுகளாகச் சல்லடை போல ஒன்று உண்டு. உள்ளே எடுக்கிற சூட்டை அதுதான் வெளியே விடுகிறதாம். எனக்கு அது தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் ஆத்தங்குடிக் கல். தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்தால் அதில் முகம் பார்க்கலாம். கல்லுக்கு ஆவது தகட்டுக்கு ஆகாதா? வாரம் தவறாமல் வெள்ளிக்கிழமை காலையில் ஒரு கரண்டி எண்ணெய், ஒரு கிழிந்த வேட்டித் துண்டு. அறுபத்தொரு வெள்ளிக்கிழமை. கல் பட்டறையின் சிமெண்டுத் தூள் முழுவதும் அந்த எண்ணெயில் ஒட்டி இறுகியிருந்தது.

"இங்குட்டு நுழையுற காத்து அங்குட்டுப் போகணும்ணே. நீங்க நடுவுல சுவரு எழுப்பி வச்சிருக்கீக. யாரு பாத்த வேலை?"

டிரைவர் என்று சொல்ல வாயெடுத்தேன். என் வண்டிக்கு டிரைவர் கிடையாது. அதற்குள் என் மனைவி வாசலுக்கு வந்துவிட்டாள்.

"நாந்தான்னு சொல்லுங்களேன். முப்பத்திமூணு வருசத்துல என் தலைக்கு ஒரு சொட்டு எண்ணெய் வச்சிருப்பாகளா இவுக? கேளுங்க பாய்."

பாய் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "மண்ணெண்ணெய் ஊத்துனா ரப்பரு கெட்டுரும். ஆச்சி, வீட்ல அரைச்ச சீயக்கா இருக்கா?"

இருந்தது போதவில்லை, கடையிலும் வாங்கினோம். சுடுகஞ்சியில் கரைத்து ஊற்றி, தகடு வளையாமல் பழைய பல் பிரஷால் பாய் தேய்க்க, நான் தண்ணீர் சுமந்தேன். இரண்டு மணி நாற்பது நிமிடம், இருபத்துமூன்று குடம். எதிர்வீட்டு ஆச்சி படியிறங்கி வந்து நின்று பார்த்தார்கள்.

"சனிக்கிழமை பாத்துத் தேச்சு ஊத்துறீகளே, ஆம்பளை வண்டியாண்ணே?"

நான் அடுத்த குடத்தைச் சாய்த்தேன்.

"அப்படியே சாம்பிராணியும் போட்டுருங்க. சளி புடிச்சிரப் போகுது."

கேஸ் அளவுக்கு மேல் ஏறியிருக்கிறது என்று பாய் சொன்னதால், ஐஸ் பாக்டரிக்காரரே திரும்பி வந்து, ஏற்றிய முகம் மாறாமல் இறக்கினார். ஒரு மணிக்கு வெளியே நூற்று நான்கு, வண்டிக்குள் எழுபத்தெட்டு.

ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி தலையில் ஈரத் துண்டோடு ரயிலிலிருந்து இறங்கினார். வண்டியில் ஏறி முதல் மைல் நெஞ்சில் கைவைத்தபடி வந்தார். இரண்டாவது மைலில் துண்டை எடுத்தார். கோவிலூரில் சாமி கும்பிட இறங்கச் சொன்னபோது, "இன்னும் ஒரு சுத்து போயிட்டு வருவமே" என்றார். மூன்று சுற்று போனோம்.

வீட்டில் பேச்சு சுலபமாக முடிந்தது. வைகாசிக் கடைசியில் முகூர்த்தம் என்று அவரே சொன்னார். சீர்ப் பட்டியலை வாசித்தேன். வெள்ளி, பித்தளை, எவர்சில்வர் என்று நூற்றெழுபத்தாறு உருப்படி. கடைசி உருப்படி வரை கண்ணை மூடிக் கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார்:

"ஒண்ணே ஒண்ணு சொல்லிக்கிறேன். என் நெஞ்சுக்கு ஒத்துக்கிட்ட வண்டி இதுதான். பிள்ளைக்குன்னு நான் கேக்கலை. எனக்கு மருந்து வாங்கிக் குடுத்ததா நெனச்சுக்கங்க."

நான் ஆவணியை நினைத்தேன். வண்டியை நூற்றெழுபத்தேழாவதாக எழுதிக்கொண்டேன்.

கேஸ் ஏற்ற எண்பத்தைந்து ரூபாய், அதை இறக்கப் பதினைந்து, பாய்க்குப் பன்னிரண்டு, சீயக்காய் இரண்டு ரூபாய் எண்பத்தைந்து பைசா, வண்டி வாங்கிய விலை பதினெட்டாயிரம். ஆக, அந்த ஏசியைச் சரிசெய்ய எனக்கு ஆன செலவு பதினெட்டாயிரத்து நூற்றுப் பதினான்கு ரூபாய் எண்பத்தைந்து பைசா.