கொடி பின்னாடி நடந்த தெரு

போன ஞாயித்துக்கெழம தஞ்சாவூர்ல ஒரு ஓவியக் கண்காட்சிக்குப் போயிருந்தேன். ஏசி ஹாலு. வாசல்லயே என் முட்டி ரெண்டும், 'நீ போயிட்டு வா, நாங்க இங்கயே இருக்கோம்'னுச்சு. விடுவேனா? இழுத்துக்கிட்டுப் போனேன். எங்க தெருப் பொண்ணு மலர்க்கொடியோட படங்களாச்சே!

ஒரு செவுரு முழுக்க ஒரே துணி. நீளமான காடாத் துணி, செவுத்துல அடங்காத மிச்சத்த ரெண்டு பக்கமும் சுருட்டி வெச்சிருக்காங்க. சேத்தத் தொட்டு அழுத்துன வெரல் தடம் வரிசை வரிசையா இருக்கு. நடுவுல பெருசா ஒரு மஞ்சக் கறை. அது முன்னாடி ஒரு தாடிக்காரத் தம்பி, கூட வந்த பொண்ணுக்கு வெளக்கிக்கிட்டு நின்னாரு.

"இந்த மஞ்சள் இருக்கு பாரு... இது அறுவடையோட குறியீடு. விடியல்னும் எடுத்துக்கலாம்."

சிரிப்ப இருமலா மாத்தப் பாத்தேன். முடியல.

அது அறுவடையும் இல்ல, விடியலும் இல்ல சாமி. அது நான் சொன்ன ஒரு பொய்யி!

கொடிய உங்களுக்குத் தெரியாதுல்ல... அவ அம்மா அஞ்சலையும் நானும் ஒரே செட்டுல நடவு நட்டவங்க. கொடி கும்பகோணத்துல ஓவியம் படிச்சா. முடிச்சு வந்ததும் ஊரே யோசன சொல்லுச்சு. "தங்க ரேக்கு ஒட்டி கிருஷ்ணர் படம் போடும்மா. தஞ்சாவூர்ப் படம்னா வாசல்ல வந்து வாங்கிட்டுப் போவாங்க."

போட்டாளா? கதவு சைசுக்குத் துணிய விரிச்சு, கருப்பும் பச்சையுமா இழுத்து வெச்சா. கண்ணு இல்ல, மூக்கு இல்ல, ஆளே இல்ல.

"என்னடி இது?"

"ஒண்ணும் இல்ல ஆயா. சும்மா பாரு."

பாத்தேன். கழுத்து வலிச்சதுதான் மிச்சம். ஆனா ஒருநா மடையத் தொறந்து காஞ்ச வயல்ல மொதத் தண்ணி ஓடுறப்ப, அந்தப் படம் சடார்னு கண்ணுக்குள்ள வந்து நின்னுச்சு. அவகிட்ட சொல்லல. சொன்னா தலைக்கனம் ஏறிடும்.

கட போர்டு எழுதுனா, கல்யாண வீட்டு ஸ்டேஜுக்குப் பெயின்ட் அடிச்சா. அதுல சாப்புட்டுக்கிட்டே இந்தப் படத்தையும் விடல. அப்பறம் பெர்ஃபார்மன்ஸ்னு ஒண்ணு ஆரம்பிச்சா, படத்துக்குப் பதிலா ஆளே போயி நிக்கறது. கொச்சியில கழுத்து வரைக்கும் நெல்லக் கொட்டிக்கிட்டு நாள் முச்சூடும் ஒக்காந்திருந்தாளாம். அதப் பாத்துட்டு ஜெர்மனிக்காரங்க கூட்டிக்கிட்டுப் போயி அங்கயும் ஒக்கார வெச்சாங்க. கைதட்டலாம், பூச்செண்டாம். சும்மா ஒக்காந்திருக்கறதுக்கு இம்புட்டு மரியாதன்னா எங்க வீட்டுக்காரரு எவ்ளோ பெரிய கலைஞரு!

ஜெர்மனியில அவ யாருன்னு தெரிஞ்சுபோச்சு. ஊர்ல?

"உம் மவ என்ன வேல பாக்குறா?"ன்னு யாராச்சும் கேட்டா அஞ்சலை தலையக் குனிஞ்சுக்கிட்டு, "டீச்சரு"ம்பா. கொடி பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டே இருப்பா. அந்த முள்ளு அவளுக்கு உள்ளயே இருந்துச்சு.

இந்த வருசம் ஆத்துல தண்ணி வந்து நடவு ஆரம்பிச்ச சமயம். வந்து நின்னா. "ஆயா, நம்ம ஊர்ல பண்ணப் போறேன். மேலத்தெருவுல. தெரு முக்குலேந்து தேரடி வரைக்கும் துணிய விரிச்சு, அது மேல நடவு நடப்போறேன்."

"நாத்து?"

"நாத்து இல்ல. சேறு மட்டும். அம்மா வயல் சேறு. வெரலால ஊணிக்கிட்டே பின்னாடி பின்னாடி போவேன்."

நடவு நடறவங்க பின்னாடிதான் நடப்போம். முன்னாடி நடந்தா நட்டத நாமளே மிதிச்சிருவோமே! அதெல்லாம் சரி... ஆனா மேலத்தெருவா?

அந்தக் காலத்துல அந்தத் தெரு வயலுக்கு நடவுக்குப் போனாக்கூட நாங்க தெருவுக்குள்ள கால் வெக்காம வாய்க்கா வரப்புல சுத்திக்கிட்டுதான் போவோம். இப்ப அப்புடி இல்ல. எங்க புள்ளைங்க பைக்ல அந்தத் தெருவுல பறக்குதுங்க. ஆனா பறக்கறது வேற... நடுத்தெருவுல நின்னு நெதானமா ஒரு வேலையச் செய்யறது வேற. நாங்க முன்னாடி நடக்கவே யோசிச்ச தெருவுல இவ பின்னாடி நடக்கறேங்குறா!

போலீசுக்குச் சொல்லியாச்சு, பஞ்சாயத்துக்கும் சொல்லியாச்சு. காலையில பத்து மணி வெயிலு. கொடி குனிஞ்சு ஆரம்பிச்சா. பக்கத்துல சேத்து வாளி. நான் ஒரு ஓரம், அஞ்சலை முந்தானையால மூஞ்ச மூடிக்கிட்டு இன்னொரு ஓரம். கூட்டம் சேந்துச்சு. அப்ப புல்லட்டுல வந்து எறங்குனாரு பண்ணை வீட்டு ராஜேந்திரன்.

"என்ன கூத்து இது? சாமி தேர் வர்ற தெருவுல சேத்தப் பூசிக்கிட்டு? யாரக் கேட்டு வந்தீங்க?"

கொடி நிமிரவே இல்ல. நான்தான் ஓரத்துலேந்து குறுக்க வந்தேன். வாயி என்னிக்கு என் பேச்சக் கேட்டுச்சு?

"வேண்டுதல் தம்பி! மாரியம்மனுக்கு!"

அவ்வளவுதான். ராஜேந்திரன் டக்குனு செருப்பக் கழட்டிட்டாரு. கன்னத்துல போட்டுக்கிட்டாரு. "மொதல்லயே சொல்றதில்லயா? ஏய், தண்ணி கொண்டாங்கடா!"

நம்ம ஊரு சனத்துக்குச் சொல்லியா தரணும்? பால்குடம் எடுக்கறவங்களுக்குக் கால்ல தண்ணி ஊத்துற மாதிரி, வீட்டுக்கு வீடு கொடத்துல மஞ்சத்தண்ணியும் வேப்பெலையுமா வந்துட்டாங்க. ஒரு அம்மா கொழந்தையத் தூக்கிட்டு வந்து, "தாண்டிட்டுப் போ தாயி"ன்னு துணி மேலயே படுக்க வெச்சிருச்சு. எனக்கு உள்ளுக்குள்ள பெரும. எப்புடிச் சமாளிச்சேன் பாத்தீங்களா?

கொடி நிமுந்தா. கொழந்தையத் தூக்கி அந்த அம்மா கையில குடுத்தா.

"எனக்கு வேண்டுதல் ஒண்ணும் இல்லக்கா. இது என் வேல."

"அடியே, சும்மா இருடி"ன்னு நான் பல்லக் கடிச்சேன்.

திரும்பி என்னய ஒரு பார்வ பாத்தா. "ஏன் ஆயா? அம்மா டீச்சருங்குது, நீ வேண்டுதலுங்கற. சாமி பேரச் சொன்னாதான் நான் இந்தத் தெருவுல நடக்கணுமா? அப்ப எனக்கு இந்தத் தெருவே வேணாம்."

இந்த வாய இவ்ளோ கூட்டத்துக்கு நடுவுல அடைச்சவ அவ ஒருத்திதான்.

ராஜேந்திரனுக்கு மூஞ்சி செவந்துபோச்சு. சாமின்னு நம்பிக் கன்னத்துல வேற போட்டாச்சே! "அப்ப சுருட்டு. இப்பவே சுருட்டு."

"பாதி நடவுல யாருங்க கரையேறுவா?"ன்னுட்டுக் குனிஞ்சுட்டா. பழையபடி வெரலு, சேறு, ஒரு அடி பின்னாடி.

வேகமாப் போயி அவளுக்குப் பின்னாடி, துணிய ஒட்டி ரோட்டுல மறிச்சு நின்னாரு மனுசன். நின்னாரா... தாரு ரோடு! செருப்பு அந்தாண்ட கெடக்கு! ஒரு காலத் தூக்குறாரு, இன்னொரு காலத் தூக்குறாரு. போயி மாட்டிக்கிட்டு வந்தா மானம் போவும். கடசியில அந்தத் துணி மேலயே ஏறி நின்னுட்டாரு.

எல்லாரும் கொடத்தோட நிக்கிறாங்க. ஊத்தவா, திரும்பிப் போகவான்னு தெரியல. அப்பதான் அஞ்சலை மூஞ்சியிலேந்து முந்தானைய எடுத்தா. பக்கத்துல நின்னவ கொடத்தப் புடுங்குனா. நேரா நடுத்தெருவுக்கு வந்தா.

"அம்மா, வேண்டுதல் இல்லன்னு சொல்றேன்ல..."

"தெரியும்டி. எனக்கும் காது இருக்கு." கொடத்தச் சாச்சா. "எம் மவ வேலையில இருக்கா. கால் சுடுது. ஊத்துறேன். யாருக்கு என்ன இப்ப?"

மொத்தத் தண்ணியும் துணியில எறங்கி மஞ்சளாப் பரவுச்சு. ராஜேந்திரன் கால் வரைக்கும் போச்சு. கொடி நிறுத்தல. குனிஞ்ச முதுகு அவரப் பாத்து வந்துக்கிட்டே இருக்கு. பின்னாடி போறவளுக்கு யார் நிக்கிறான்னு என்ன தெரியும்? தொட்டுத் தள்ளவும் முடியாது, ஊரே பாக்குது. முதுகு ஒரு முழத்துக்கு வந்ததும், மனுசன் பொத்துனாப்புல எறங்கி ஓரமா நின்னாரு.

தேரடி வரைக்கும் நட்டுட்டுதான் நிமுந்தா எங்க கொடி.

அந்தத் துணிதான் இப்ப ஹால்ல தொங்குது. போன ஞாயித்துக்கெழம வாசல்ல நின்ன அஞ்சலைய யாரோ கேட்டாங்க, "நீங்க யாருங்கம்மா?"

"அந்தத் துணி எம் மவ செஞ்ச வேலங்க." தலையெல்லாம் குனியல.

நான் மறுபடி துணிகிட்டப் போனேன். தாடிக்காரத் தம்பி இன்னும் நகரல. கறையோட ஓரத்துல ரெண்டு பெரிய கால் தடத்தக் காமிச்சு அந்தப் பொண்ணுகிட்ட, "இது அதிகாரத்தோட குறியீடா இருக்கலாம்"னாரு.

இந்த ஒண்ண மட்டும் கரெக்ட்டா சொல்லிட்டீங்க தம்பி... ஆனா அது குறியீடு இல்ல, கால் சுட்டு ஏறி நின்னது!