வலது பக்கத்து முட்டை

முதலில் வலித்தது வலது தோள்பட்டை.

குன்னூருக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் அலுவலகத்தில் நான் கிளார்க். அன்று காலை மழைத் தூறல். முந்தின நாள் வந்த பச்சை இலையின் எடையைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தேன். தோளின் நுனியில், ரவிக்கையின் தையல் சேரும் இடத்தில், யாரோ விரலால் அழுத்துவதுபோல ஒரு வலி. தண்ணீர்க் குடத்தைத் தூக்கியபோது பிடித்துக்கொண்டிருக்கும் என்று நினைத்தேன். நாற்காலியில் சாய்ந்தால் வலி கூடியது. அதுதான் விசித்திரமாக இருந்தது.

வேறு சில விஷயங்களும் இருந்தன. அவற்றை நான் தோள் வலியோடு சேர்த்துப் பார்க்கவில்லை. நாள் தள்ளிப்போய், வீட்டிலேயே பரிசோதித்து, இரண்டு கோடுகள் வந்திருந்தன. அடுத்த வாரம் டாக்டரைப் பார்ப்பதாக இருந்தோம். இரண்டு நாளாகக் காப்பி நிறத்தில் லேசான கசிவு. அடிவயிற்றின் வலது பக்கத்தில் விட்டு விட்டு ஒரு சுருக்கு. ஆரம்பத்தில் இப்படியெல்லாம் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். திருமணமாகி நான்காவது வருடத்தில் வந்த முதல் கர்ப்பம். அதில் ஏதோ தவறு என்று நினைக்கவே எனக்குத் துணிவில்லை.

கழிவறைக்குப் போக எழுந்தேன். சுவர் சாய்ந்தது. பக்கத்து மேசை நூர்ஜகான் அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார்.

“கீதா, முகமெல்லாம் வெளுத்துப் போச்சு. எங்க வலிக்குது?”

“தோளுங்க அக்கா. வயிறும்.”

அவர் மறு கேள்வி கேட்கவில்லை. தொழிற்சாலை ஜீப்பை வரவழைத்து, என்னைப் பின் இருக்கையில் படுக்கவைத்து, தலையைத் தன் மடியில் தாங்கிக்கொண்டு மருத்துவமனைக்கு வந்தார்.

அங்கே பெண் மருத்துவர் ஒருவர் என் வயிற்றில் கை வைத்ததும் முகம் மாறினார். ஸ்கேன் கருவியை வைத்துப் பார்த்தார்.

“கீதா, இது எக்டோபிக். கரு கருப்பைக்கு வராம வலது பக்கக் குழாயிலேயே தங்கிடுச்சு. குழாய் வெடிச்சு வயித்துக்குள்ள ரத்தம் போயிட்டிருக்கு. உடனே ஆபரேஷன் பண்ணணும்.”

“தோள் எதுக்குங்க டாக்டர் வலிக்குது?”

“உள்ள தேங்கின ரத்தம் உதரவிதானத்தைத் (நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசை) தொடுது. அந்த நரம்பு வலியைத் தோள்ல காட்டும்.”

என் கணவர் சரவணன் குன்னூர் பஜாரில் மோட்டார், பம்பு பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறார். கையில் கிரீஸோடு ஓடி வந்தார். தள்ளுவண்டியில் என்னை அறுவை அறைக்குக் கொண்டுபோகும்போது கூடவே நடந்தார்.

“ஏனுங்க, கொழந்தை?” என்றேன்.

“நீ வந்துரு கீதா. எனக்கு அது போதும்.”

இதை எழுதுவது உங்களுக்காக. நாள் தள்ளிப்போயிருக்கும்போது ஒரு பக்கமாக அடிவயிறு வலித்தால், கசிவு இருந்தால், தலை சுற்றினால், தோள் நுனி வலித்தால், வாயு என்றோ குளிர் என்றோ இருந்துவிடாதீர்கள். சீக்கிரமே தெரிந்தால் பலருக்கு ஊசி மருந்திலேயே சரியாகிவிடுமாம். எனக்கு அந்தக் கட்டம் தாண்டியிருந்தது. வலது கருக்குழாயை எடுத்துவிட்டார்கள். தொழிற்சாலை ஓட்டுநர்கள் வந்து கொடுத்த ரத்தத்தில் பிழைத்தேன்.

வீட்டுக்குப் போவதற்கு முன் டாக்டர் எங்களை உட்காரவைத்து விளக்கினார். என் அம்மா இறந்து சில வருடமாகிவிட்டதால், காரமடையிலிருந்து மாமியார் வந்து உடனிருந்தார். டாக்டர் இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டினார். உடம்புதான் கருப்பை, கைகள் கருக்குழாய்கள், விரல்கள் குழாயின் நுனியில் இருக்கும் குஞ்சங்கள். சூலகத்திலிருந்து (முட்டை உருவாகி முதிரும் உறுப்பு) வெளிவரும் முட்டையை அந்தக் குஞ்சங்கள் வாரி எடுக்கும். விந்தணு வந்து சேர்வது குழாய்க்குள்தான். அங்கேயே கரு உருவாகி, பிரிந்து பெருகிக்கொண்டே கருப்பையை நோக்கி நகரும். எனக்கு அது பாதி வழியில் நின்றுவிட்டது.

மாமியார் கேட்க நினைத்ததை நேராகக் கேட்பவர்.

“ஒத்தக் கொழாய்னா மாசம் உட்டு மாசந்தான் கரு தங்குமுங்களா டாக்டரம்மா?”

“அப்படி முறை ஒண்ணும் கிடையாதுங்கம்மா. இந்த மாசம் எந்தப் பக்கம் முட்டை வரும்னு முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதோட, மிச்சமிருக்கிற குழாய் சில சமயம் எதிர்ப்பக்கத்து முட்டையையும் எடுத்துக்கும்.”

ஆறுதலுக்குச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்து வந்த வாரங்களைப் பற்றி யாரும் என்னிடம் முன்பே சொல்லியிருக்கவில்லை. தையல் ஆறிக்கொண்டிருந்த ஒரு நாள், வீட்டில் மிச்சமிருந்த பரிசோதனைப் பட்டையை எடுத்துப் பார்த்தேன். ஏன் பார்த்தேன் என்று இன்றும் தெரியாது. மறுபடியும் இரண்டு கோடு. குளியலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். டாக்டரைத் தொலைபேசியில் கேட்டபோது, கருவின் ஹார்மோன் ரத்தத்திலிருந்து முழுவதும் வடிய சில வாரங்கள் ஆகும் என்றார். செய்தி இன்னும் போய்ச் சேராத ஒரு வீடு மாதிரி இருந்தது என் உடம்பு. அதன் மேல் எனக்குக் கோபம் வந்தது. நெடுநாள் அந்தக் கோபம் இருந்தது.

இழந்தது ஒரு குழந்தையா, ஒரு நோயா என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. அதனால் யாரும் எதுவும் சொல்லவில்லை. மாமியார் மட்டும் ஒரு நாள் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டே, “அழோணும்னா அழுது போடு கண்ணு. நானும் ஒண்ணப் பறிகுடுத்தவதான்” என்றார். அதுவரை எங்களில் யாருக்கும் தெரியாத செய்தி அது. என் கணவருக்கும் தெரியாது.

மழைக்காலம் முடிவதற்குள் வேலைக்குத் திரும்பினேன். பிறகு கோயம்புத்தூருக்கு இறங்கிப் போய் எச்.எஸ்.ஜி. (கருப்பை வழியாகச் சாயம் செலுத்தி, குழாய் திறந்திருக்கிறதா என்று பார்க்கும் எக்ஸ்ரே) எடுத்தோம். நல்ல வலி. வலது பக்கத்தில் சாயம் தொடங்கிய இடத்திலேயே நின்றுவிட்டது. இடது பக்கத்தில் மெல்லிய கோடாக ஓடி, நுனியில் புகைபோலக் கலைந்தது. “திறந்திருக்குங்க” என்றார் படம் எடுத்தவர். திரும்பும் வழியில் மேட்டுப்பாளையத்தில் நிறுத்தி, இருவரும் பரோட்டா சாப்பிட்டோம். பல மாதங்களுக்குப் பிறகு எனக்குப் பசித்தது.

அதன்பின் மாதந்தோறும் முட்டை வளர்ச்சியைப் பார்க்கும் ஸ்கேன். எந்தப் பக்கச் சூலகத்தில் முட்டைப்பை பெரிதாகிறது என்று தெரிந்துவிடும். இரண்டு மாதம் இடது பக்கம் வளர்ந்தது, நாங்கள் சந்தோஷப்பட்டோம், ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த மாதம் வலது பக்கம். அதற்கடுத்த மாதமும் வலது.

“இந்த மாசமும் வீண்தானுங்களா டாக்டர்?”

“வலதுன்னா முயற்சி பண்ணக் கூடாதுன்னு நான் சொல்லவே இல்லையே.”

சொல்லவில்லைதான். ஆனாலும் அந்த மாதத்தை நான் கைகழுவிவிட்டேன். உறைபனியில் தேயிலை கருகி, தொழிற்சாலைக்கு இலை வரத்து குறைந்திருந்த நேரம். லீவ் எளிதாகக் கிடைத்தது. மேட்டுப்பாளையத்தில் கணவரின் அக்கா மகளுக்குக் கல்யாணம். மலையிலிருந்து இறங்கி, வெயிலில் காய்ந்து, சொந்தக்காரர்களோடு சிரித்து, அந்த ஸ்கேனை மறந்தே போனோம். நாள் பார்ப்பதும் இல்லை. புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள்போல இருந்தோம் என்று மட்டும் எழுதுகிறேன்.

அடுத்த முறை நாள் தள்ளிப்போனது.

இரண்டு கோடுகளைப் பார்த்ததும் எனக்கு வந்தது பயம். ஒருமுறை எக்டோபிக் ஆனவர்களுக்கு மறுபடியும் ஆகும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். ஒருநாள் விட்டு ஒருநாள் ரத்தப் பரிசோதனை. ஹார்மோன் அளவு ஏற வேண்டிய வேகத்தில் ஏறியது. அதுவும் நிம்மதி தரவில்லை. கரு இருக்கிறது என்று அது சொல்லும். எங்கே இருக்கிறது என்பதை ஸ்கேன்தான் சொல்லும். அதற்குக் காத்திருந்த நாட்களில் தும்மினால்கூட வயிற்றைப் பிடித்துக்கொண்டேன்.

ஸ்கேன் அறையில் டாக்டர் நெடுநேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“கீதா, இங்க பாருங்க.” திரையை என் பக்கம் திருப்பினார். “கருப்பைக்குள்ளதான் இருக்கு. நல்லா, நடுவுல இருக்கு.”

கறுப்பான ஒரு சிறு குழி. அதன் ஓரத்தில் அரிசி போன்ற ஒரு கீற்று. அதற்குள் ஏதோ விட்டுவிட்டு மின்னியது.

“அது என்னதுங்க?”

“இதயம்.”

வெளியே நின்ற என் கணவரைக் கூப்பிட்டார்கள். அவர் திரைக்குப் பக்கத்தில் குனிந்து நின்றார். ஓடுகிற மோட்டாரைக் காதால் பழுதுபார்க்கிற மனிதர். சத்தமில்லாமல் துடிக்கும் அதை மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் கருவியை வலது பக்கம் நகர்த்தினார். ஓர் இடத்தில் நிறுத்தினார். அவர் முகத்தில் சிரிப்பு வந்தது.

“இந்தக் கர்ப்பத்தோட முட்டை எங்கிருந்து வந்துச்சு தெரியுமா? வலது சூலகத்துலயிருந்து. மஞ்சள் உடலம் (முட்டை வெளியேறிய இடத்தில் உருவாகி, கர்ப்பத்தைத் தாங்கும் ஹார்மோனைச் சுரக்கும் திட்டு) இந்தப் பக்கம்தான் இருக்கு. இடதுல இல்லவே இல்லை.”

“அந்தப் பக்கம் லைனே இல்லைங்களே டாக்டர்?” என்றார் என் கணவர்.

“இல்லைதான். இடது குழாய் அந்தாண்டை போய் எடுத்துக்கிட்டிருக்கு. படத்துல வரையிற மாதிரி ரெண்டு சூலகமும் அவ்வளவு தள்ளி இருக்கிறதில்லைங்க. கருப்பைக்குப் பின்னால, பக்கத்து பக்கத்துலதான். நான் அன்னைக்கே சொன்னேன். நீங்கதான் நம்பலை.”

நான் அழுதேன். வயிறு குலுங்கியதில் திரையிலிருந்து படம் விலகிப்போயிற்று. “கொஞ்சம் அசையாம அழுங்க” என்றார் டாக்டர்.

அதற்குப் பிறகு நானே தேடிப் படித்தேன், சந்தேகம் வந்தால் டாக்டரிடம் கேட்டேன். கல்யாண வீட்டுப் பந்தியில் நான் இரண்டாவது முறை பாயசம் கேட்டுக்கொண்டிருந்தபோது, ஒரு செல் இரண்டாகப் பிரிந்திருக்கலாம். இரண்டு நான்காகி, நான்கு எட்டாகி, பர்லியாறு தாண்டிக் கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்து ஏறும்போது அது முசுக்கொட்டைப் பழம்போல ஒரு செல் உருண்டையாக இருந்திருக்கும். நான் ஜன்னல் பக்கம் தலைசாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தேன். அலுவலகத்துக்குத் திரும்பிய வாரத்தில், நடுவில் நீர் கோத்த சிறு பந்தாகிக் கருப்பைக்குள் இறங்கி, சுவரில் தன்னைப் புதைத்துக்கொண்டிருக்கும். வீண் என்று நான் தள்ளிவைத்த மாதத்தில் இத்தனையும் என்னைக் கேட்காமல் நடந்திருக்கிறது. நான் அத்தனை நாள் கோபித்துக்கொண்ட அதே உடம்பில்.

கர்ப்ப காலம் முழுவதும் பயம் போகவில்லை. ஆனால் அதோடு வேலைக்குப் போகவும் சாப்பிடவும் பழகிக்கொண்டேன். கடைசி வாரங்களில் பெருமழை. பாதையில் மண் சரிந்தால் என்ன செய்வது என்று மாமியார் பிடிவாதம் பிடித்து, மருத்துவமனைக்கு நடக்கும் தூரத்தில் இருந்த நூர்ஜகான் அக்காவின் வீட்டு மாடிக்கே எங்களைக் குடிவைத்துவிட்டார். நல்லவேளை. வலி எடுத்த காலையில் குடையைப் பிடித்துக்கொண்டு நடந்தே போனோம்.

மதியத்துக்குள் பெண் குழந்தை. சுகப்பிரசவம். அவள் அழுத சத்தத்தில் தகரக் கூரையின் மழைச் சத்தம் எனக்குக் கேட்காமல் போனது. அதே டாக்டர். குழந்தையை என் மார்பில் வைத்து, “இந்தாங்க, உங்க வலது பக்கத்து முட்டை” என்றார். வலியிலும் நான் வாய்விட்டுச் சிரித்தேன். தாதியும் சிரித்துவிட்டார்.

மகளுக்குத் தடுப்பூசி போடப் போன ஒரு நாளில், பேச்சுவாக்கில் டாக்டர் இன்னொன்றைச் சொன்னார். ஒரு பெண்ணின் முட்டைகள் எல்லாம் அவள் பிறப்பதற்கு முன்பே, தாயின் வயிற்றில் இருக்கும்போதே உருவாகிவிடுமாம். அதன்பின் முதிர்வதற்காகக் காத்திருப்பதுதான் அவற்றின் வேலை. ஆணுக்கு அப்படியில்லை, விந்தணு புதிது புதிதாக உருவாகிக்கொண்டே இருக்கும்.

வீட்டில் மாமியார் கால்நீட்டி உட்கார்ந்து குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தபோது அவரிடம் இதைச் சொன்னேன். கை நின்றது.

“அப்படின்னா, உங்கம்மா வகுத்துல நீ இருக்கையில இவளும் உள்ள இருந்தாளா?”

“பாதி இருந்தாளுங்க அத்தை.”

“மீதிப் பாதி எம்பையந்தானே?”

“அவரு பங்கு ரெண்டு மூணு மாசச் சரக்குத்தானுங்க. என்னோடது முப்பத்தொரு வருசம் காத்திருந்தது.”

மாமியார் சிரித்த சிரிப்பில் குழந்தை பயந்து, பிறகு அதுவும் சிரித்தது.

என் அம்மா பேத்தியைப் பார்க்காமல் போய்விட்டாள் என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். இப்போது அப்படி நினைப்பதில்லை. என்னைச் சுமந்துகொண்டு அவள் நடந்த ஒவ்வோர் இடத்துக்கும் என் மகளும் பாதியாகப் போய்வந்திருக்கிறாள். மகள் என் மடியில் தூங்கும்போது அவளுடைய சின்ன வயிற்றின் மேல் கை வைத்துப் பார்க்கிறேன். மூச்சுக்கு மூச்சு ஏறி இறங்குகிறது. அதற்குள் யார் யார் காத்திருக்கிறார்களோ. அவர்களுக்கு அவசரம் ஒன்றும் இல்லை, எனக்கும் இல்லை.