ஆற்றில் விழுந்த தம்பி

வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் எங்களுக்குக் கருத்துக்கணிப்பு பற்றிப் பாடம் எடுக்கும் சேர், கருத்துச் சொல்கிற எல்லோரும் ஒரே பொருளைப் பார்த்திருக்க வேண்டும் என்று சொன்னபோது நான் குனிந்து கொப்பியைப் பார்த்துக்கொண்டேன். ஆறாம் ஆண்டில் நான் செய்த முதலாவது கணிப்பு அந்த இடத்தில்தான் கெட்டுப்போனது. எல்லோரும் பார்த்தது ஒரே படம். முடிவுதான் ஆளுக்கொன்று.

படம் மாமாவுடையது. அம்மாவின் தம்பியான அவர் கட்டாரில் கட்டட வேலை செய்துவிட்டு வந்தபோது ஒரு சீடி பிளேயரும் ஒரேயொரு பழைய ஹிந்திச் சண்டைப்படமும் கொண்டுவந்தார். அறையில் கூட இருந்தவர்கள் எல்லாம் ஹிந்திக்காரர்கள் என்பதால் ஹிந்தி தனக்குத் தண்ணி பட்ட பாடு என்றார். ஒரு ஞாயிறு மத்தியானம் வீடு நிறைய ஆட்களை வைத்துக்கொண்டு படத்தைப் போட்டு, பக்கத்தில் நின்று வரிக்கு வரி தமிழில் சொன்னார். அந்தப் படத்தில் வில்லன் அடிக்கடி ஏணி கேட்டான். கதாநாயகி மழையில் நனைந்துகொண்டு, சீமெந்து காய்ந்துவிட்டதா என்று விசாரித்தாள். எங்களுக்கு அதில் சந்தேகம் வரவில்லை. வில்லனுக்குக் கல்குவாரி இருந்தது.

கதை இதுதான். திருவிழாவில் தொலைந்துபோன தம்பி வில்லனிடம் வளர்கிறான். அண்ணன் லொறி ஓட்டுகிறான். கடைசியில் இருவரும் ஒருவரையொருவர் அடையாளம் காணும் நேரத்தில் பாலம் அறுந்து தம்பி ஆற்றில் விழுகிறான். விழுந்தவன் ஒரு கையைத் தூக்கியபடி பாதி வழியில் நின்றான். திரை சின்னச் சின்னச் சதுரங்களாக உடைந்தது. மாமா சீடியைச் சாரத்தில் துடைத்துத் துடைத்துப் போட்டும் தம்பி தண்ணீருக்கு வந்து சேரவில்லை.

"மறுகா என்ன நடந்த?" என்று எல்லோரும் கேட்டார்கள்.

"மறுகா நல்லாத்தான் முடியும்" என்றார் மாமா.

அடுத்த கிழமை பள்ளிக்கூடத்தில் தமிழ் சேர், ஒரு படத்தைப் பற்றி ஐந்து பார்வையாளர்களின் கருத்தைக் கேட்டு எழுதி வரும்படி சொன்னார். சிறந்த கட்டுரை பெற்றோர் தினத்தில் மேடையில் வாசிக்கப்படும். எங்கள் வீட்டில் ஐந்தாம் ஆண்டைத் தாண்டிய முதல் ஆள் நான். அம்மா அன்று பின்னேரமே, மகன் மேடையில் பேசப்போகிறான் என்று ஒழுங்கையில் வீடு வீடாகச் சொல்லிவிட்டார். நான் இன்னும் ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை.

முதலில் அப்பாவிடம் போனேன். தோணியில் இருந்து வலையை இறக்கிக்கொண்டிருந்தார். படம் நல்லது, ஆனால் அந்த ஆற்றில் தோணி ஓட்டத் தெரிந்தவன் ஒருவனும் இல்லை என்றார். கடைசியில் தம்பி சுழியோடிப் போய் வில்லனின் போட்டைக் கவிழ்த்ததுதான் படத்திலேயே உருப்படியான வேலையாம். நான் அதை எழுதிக்கொண்டேன். எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டேன். "மாமன் சொன்னவன்" என்றார்.

அம்மா, மூன்று மணித்தியாலமாக அந்தப் பொடியன் ஒரு வாய் சோறு தின்னவில்லை என்றார். நல்லகாலம், கடைசியில் தாய் இரண்டு பேரையும் இருத்திச் சோறு போடுகிறாள். பக்கத்து வீட்டு அண்ணன் வயல் வட்டையில் உழவு மெசின் ஓட்டுகிறவர். லொறியின் கியர் பிழை, ஆனால் அண்ணன்காரன் பாறைக்கு மேலால் லொறியைப் பாய்ச்சி வில்லனை நசுக்குவது சரி என்றார்.

"போட்டக் கவிழ்த்தான் எண்டு அப்பா சொல்றார்" என்றேன்.

"உன்ட அப்பா அதுக்குள்ள நித்திரையாப் போயிருப்பார்."

நான்காவது ஆள் பெரியம்மா. அம்மாவுக்கும் மாமாவுக்கும் மூத்தவர். பிரச்சினைக் காலத்தில் அவருடைய இளைய மகன் களுவாஞ்சிக்குடிச் சந்தைக்குப் போன இடத்தில் காணாமற் போயிருந்தார். அந்த அண்ணனை நான் போட்டோவில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். பெரியம்மா என்னுடைய கேள்வியை முழுவதுமாகக் கேட்கக்கூட இல்லை. "நல்ல படம் மனே. தம்பி தண்ணிக்குள்ளால எழும்பி நேர வீட்டுக்குத்தானே வாறான்" என்றார்.

நான்கு பார்வையாளர், நான்கு முடிவு. நான்கு பேருக்கும் முடிவு சொன்ன மாமாவைத் தேடிப் போனால் அவர் தென்னைமரத்தடியில் இருந்து பீடி பத்திக்கொண்டிருந்தார்.

"இதுல எது சரி மாமா?"

"எல்லாம் சரிதான் மருமகன். பெரிய படமெல்லாம் அப்பிடித்தான்."

மேடையில் நான் ஏறி நான்கு முடிவையும் வாசித்தால் ஊர் என்னைப் பார்த்துத்தானே சிரிக்கும் என்று அன்றிரவு கொப்பியை மூடிப் பாய்க்கடியில் வைத்தேன். மறுநாள் எனக்கு ஐந்தாவது ஆள் கிடைத்தார். காத்தான்குடியில் இருந்து மோட்டார் சைக்கிளில் துணி கொண்டுவரும் முஸ்லிம் வியாபாரி, எங்கள் எல்லோருக்கும் நானா. பதினொரு வருடம் சவூதியில் இருந்து ஹிந்தி பழகியவர். ஒழுங்கை முடக்கில் அவரை மறித்துப் படத்தின் கதையைச் சொன்னேன்.

"அதையா? பத்துத் தரம் பாத்திருப்பன்" என்றார். "விழுந்தவன் மவுத்து. அண்ணன்காரன் மடியில போட்டு அழுவான், ஒரு பாட்டு வரும், முடிஞ்சி."

எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்ல முடியாது. நானாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு எங்கள் வீட்டு வளவுக்குள் வந்தேன். அப்பா கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு அண்ணனும் நின்றார். நானா மூட்டையை அவிழ்த்ததும் அம்மாவும் பெரியம்மாவும் குந்தினார்கள். மாமா மட்டும் குசினிப் பக்கமாகப் போகப் பார்த்தார்.

"எல்லாரும் கேளுங்க. நானாவுக்கு உண்மையான முடிவு தெரியும்" என்றேன்.

பெரியம்மா ஆம்பிளைச் சேட் ஒன்றை எடுத்து விரித்துப் பிடித்திருந்தார். வருடம் ஒன்று, பொங்கலுக்கு, இந்த நானாவிடம்தான் வாங்குவார். "போன முறையவிட ஒரு அளவு கூடத் தாங்க தம்பி. இளையவனுக்கு இப்ப உடம்பு வைச்சிருக்கும்" என்றார். பிறகு தலையை நிமிர்த்தி, "இவன் என்னவோ சொல்றான். அந்தத் தம்பி வீட்டதானே வாறான்?" என்றார்.

நானா என்னைப் பார்த்தார். குசினி வாசலில் நின்ற மாமாவைப் பார்த்தார். பிறகு மூட்டைக்குள் கைவிட்டு அளவு கூடின சேட்டொன்றைத் தேடி எடுத்தார்.

"ஓம் அக்கா. வாறான்."

"இல்ல நானா, இப்பதானே நீங்க" என்று தொடங்கினேன்.

"அப்ப போட்டக் கவிழ்க்கல்லியா?" என்றார் அப்பா.

"கவிழ்த்திட்டுத்தான் வாறான்."

"லொறி?" என்றார் பக்கத்து வீட்டு அண்ணன்.

"லொறி கரைப் பக்கமா வருது. போட் ஒரு பக்கம், லொறி ஒரு பக்கம். வில்லன் எங்க போற?"

"சோறு திண்டானா அக்கா?" என்று அம்மா பெரியம்மாவின் காதில் கேட்டது நானாவுக்கும் கேட்டுவிட்டது.

"சோறு தின்னாம விடுவாங்களா? மீன் ஆணத்தோட" என்றார் நானா.

எல்லோரும் திருப்தியாகத் தலையாட்டினார்கள். மாமா மரத்தில் ஏறி நானாவுக்கு இரண்டு இளநீர் வெட்டிக்கொடுத்தார். மாமா ஒருவருக்கும் எதுவும் வெட்டிக்கொடுத்து நான் பார்த்ததில்லை.

அன்று பின்னேரம் கட்டுரையை எழுதி முடித்தேன். நான்கு கருத்தையும் ஒழுங்காக எழுதி, கடைசிப் பந்தியில் இப்படி முடித்தேன்: "ஆனால் தம்பி உண்மையில் இறந்துவிடுகிறான். என் மாமாவுக்கு ஹிந்தி தெரியாது. துணி விற்கும் நானாவுக்குத் தெரியும், ஆனால் அவர் ஆட்களைக் கண்டால் மாற்றிச் சொல்கிறார். எனவே ஐந்தாவது பார்வையாளரை நம்ப முடியாது."

கட்டுரை தெரிவானது. பெற்றோர் தினத்தன்று எங்கள் வீடே புறப்பட்டு வந்து முன்வரிசையில் இருந்தது. நடுவில் பெரியம்மா. லொறிக்கும் சோற்றுக்கும் மண்டபம் சிரித்தது. சிரிக்கிறார்கள் என்று எனக்குத் துணிச்சல் கூடியது. "ஆனால்" என்று கடைசிப் பந்தியைத் தொடங்கியபோது தமிழ் சேர் முன்வரிசையைப் பார்த்துவிட்டு எழுந்து வந்து என் தோளில் கையை வைத்தார்.

"நேரம் போயிற்று. இது போதும்" என்று தாளை வாங்கி மடித்துத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

நேரம் போகவில்லை. எனக்குப் பிறகு பேச ஒருவரும் இருக்கவுமில்லை. கைதட்டலுக்கு நடுவே, படம் நின்ற அதே இடத்தில் நானும் நின்றேன். இறங்கி வந்தபோது எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எல்லோருக்கும் முதல் பெரியம்மாதான் எழுந்து வந்து முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டார்.

"மிச்சத்த வாசிக்க விடல்ல பெரியம்மா" என்றேன்.

"அதுக்கென்ன மனே" என்றார். "மிச்சம் எனக்குத் தெரியும்தானே."

அவருக்குத் தெரியாது என்று எனக்கு மட்டும்தான் தெரியும் என அன்று நினைத்துக்கொண்டு, வீடு வந்து சேரும்வரை எல்லோருக்கும் முன்னால் நடந்தேன்.