உன்னைச் சொல்லலைப்பா

பிழைக்க வந்தவர்களை ஊரைவிட்டு விரட்ட வேண்டும் என்று மேடைக்கு மேடை முழங்கியவர் வக்கீல். அவருடைய கறுப்பு அங்கியைத் தைத்துக் கொடுத்தவரோ அப்படிப் பிழைக்க வந்த ஒரு தையல்காரர். அளவு கொடுக்கும்போதெல்லாம், "உன்னைச் சொல்லலைப்பா, மத்தவங்களைச் சொன்னேன்" என்று வக்கீல் சிரிப்பார். தையல்காரரும் சிரித்துவைப்பார்.

கட்சிப் பையன்கள் வம்பில் மாட்டினால் வக்கீல் காசு வாங்காமல் வாதாடுவார். "என்ன பண்ணீங்கன்னு எங்கிட்ட மூச்சு விடாதீங்கடா. தெரிஞ்சா கோர்ட்ல நாக்கு குளறும்" என்பார்.

அன்று காலையும் மூன்று பேர் வந்தார்கள். எதுவும் கேட்காமல் வக்காலத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு தையல்காரர் வந்தார். சட்டையெல்லாம் கரி.

"கடையைக் கொளுத்திட்டாங்க சார். நீங்கதான் எனக்காக..." என்றவர், உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்ததும் நிறுத்தினார்.

"நீ போப்பா, அப்புறம் பேசலாம்" என்றார் வக்கீல்.

"என்னைச் சொல்லலைன்னு எங்கிட்ட சொன்னீங்களே சார். இவங்ககிட்டயும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

அந்த மூவரின் வழக்கில் வக்கீல் ஜெயித்தார். அதற்குப் பிறகு அவர் எந்த மேடையிலும் ஏறவில்லை. முழங்குவதற்கு வேறு ஆள் கிடைத்துவிட்டதால், யாரும் அவரைத் தேடவும் இல்லை.