ஒரு கரண்டி கஞ்சி, ஒரு தரம்

பாவோதெரே மீன்துறையில் ஏலம் கூவுகிறவர் டாயெங் தொம்போ. அவர் வாயைத் திறந்தால் கொட்டகைக் கூரையில் இருக்கும் பறவைகள் பறந்துவிடும். வீட்டிலும் அதே குரல்தான். "உப்பு எங்கே?" என்று மனைவி ஜும்ரியாவைக் கேட்டார் என்றால், பக்கத்து வீட்டிலிருந்து நான் எடுத்துக்கொண்டு போவேன்.

அவருடைய நாலு வயது மகள் தென்றி, தொண்டை வீங்கிக் காய்ச்சலில் சுருண்டு கிடந்தாள். சுகாதார நிலையத்தில் மருந்து கொடுத்து, ஆறிய கஞ்சியோ இளநீரோ கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டச் சொல்லியிருந்தார்கள். பிள்ளை வாயைத் திறந்தால்தானே! காலையிலிருந்து கெஞ்சிச் சலித்த ஜும்ரியா, கிண்ணத்தைக் கணவரிடம் கொடுத்துவிட்டு வாசலுக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கண்ணு, ஒரு வாய் வாங்கிக்கோ!" என்றார் அவர். அவரைப் பொறுத்தவரை அது மெதுவாகத்தான். தென்றி காதைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுததில் தொண்டை வலித்தது. வலித்ததில் இன்னும் அழுதாள்.

அத்தனை பெரிய மனிதர் கரண்டியும் கையுமாக விழித்தார். பிறகு பாயில் உட்கார்ந்தார். நான் அதுவரை கேட்டேயிராத ஒரு குரலில், காற்றாக, சொன்னார்:

"மீன் சாறு ஊத்தின கஞ்சி... ஒரு கரண்டி... யாருக்கு வேணும்?"

பாயில் கிடந்த துணி முயலின் காதைத் தூக்கினார். "முயலார் ஒரு முத்தம் தர்றாராம். ஒரு தரம்... ரெண்டு தரம்..."

தென்றி சட்டென்று இரண்டு விரலைக் காட்டினாள், இரண்டு முத்தம் என்று.

விழுங்கும்போது முகம் சுருங்கியது. கண் கலங்கியது. அவர் அவசரப்படுத்தவில்லை.

"வலிக்குதாடா?"

தலையாட்டினாள்.

"அப்ப அடுத்த சரக்கு சின்னது." அரைக் கரண்டிதான் எடுத்தார். முயலின் காது மறுபடி எழுந்தது.

"அதுக்குத்தான் வாயே இல்லையே, தெத்தா," என்றாள் தென்றி, கரகரத்த குரலில். அப்பாவை அவள் தெத்தா என்றுதான் கூப்பிடுவாள்.

"அதனாலதான் காதைத் தூக்குது."

சிரிக்கப் போய் வலித்து, தொண்டையைப் பிடித்துக்கொண்டாள். ஆனாலும் அடுத்த ஏலத்துக்கு விரல் தயாராக இருந்தது. பாதிக் கிண்ணம் இறங்கியதும் அவர் தோளிலேயே தூங்கிப்போனாள்.

உள்ளே எட்டிப் பார்த்த ஜும்ரியா, "கல்யாணம் ஆன நாள்லருந்து எங்கிட்ட இந்தக் குரல்ல ஒரு வார்த்தை பேசினது உண்டா?" என்றாள்.

"சத்தம் போடாதே, பிள்ளை தூங்குது!" என்றார் டாயெங் தொம்போ. தெருவே திரும்பிப் பார்த்தது. பிள்ளையும் எழுந்துகொண்டது.

மறுநாள் சாயங்காலம் காய்ச்சல் விட்டது. ஆனால் ஏலம் போடாமல் சாப்பிட மாட்டேன் என்கிறாள் தென்றி. அவர் துறைக்குப் போய்விட்டால் ஜும்ரியாதான் கூவ வேண்டும். அவளுக்கு அது சுத்தமாக வரவில்லை. நேற்று மூன்று கரண்டி முயலுக்கே போய்விட்டது.