முடிவை நேரில் கொண்டுவந்த புஷ்பம் மிஸ்ஸி

"எங்கட புஷ்பம் மிஸ்ஸி எங்களை விட்டுப் போயிட்டா." சிலாவத்துறைத் தாய்மாரின் வட்ஸ்அப் குழுவில் காலையில் வந்த செய்தி இது. வகுப்பில் நின்று வாசித்தேன். அன்று அதற்குப் பிறகு பாடம் நடத்த எனக்கு மனம் வரவில்லை.

மிஸ்ஸி எங்கள் பகுதியின் குடும்பநல மாது, கர்ப்பிணிகளை வீடு தேடிவந்து பார்ப்பவர். கர்ப்பத்தின் பத்தாவது கிழமைக்குப் பிறகு தாயின் கையில் சிறிது இரத்தம் எடுத்துக் கொழும்புக்கு அனுப்புவார்கள். பிள்ளையின் நிறமூர்த்தங்களில், அதாவது குரோமோசோம்களில், குறை இருக்க வாய்ப்புண்டா என்று சில நாட்களில் தெரிந்துவிடும். முதலில் மிஸ்ஸி நல்ல முடிவைப் போனில் சொல்வார், மற்றதை நேரில் போய்ச் சொல்வார். ஒருநாள் முசலியில் ஒரு வீட்டுக்குச் சத்துமா கொடுக்கப் போனார். மிஸ்ஸியின் ஸ்கூட்டரைக் கண்டதுமே அந்தப் பெண், "என்ட பிள்ளைக்கு என்ன மிஸ்ஸி?" என்று கதறி நிலத்தில் குந்திவிட்டாள். முடிவு அப்போது வந்திருக்கவே இல்லை.

"பிழை என்னிலதான் டீச்சர். இனி எல்லாருக்கும் நேரிலதான்" என்று மிஸ்ஸி என்னிடம் சொன்னார். கொளுத்தும் வெயிலிலும் அப்படியே செய்தார். என் வீட்டுக்கு வந்தால் பால் விடாத பிளேன்டீ வேண்டும். தனக்கு நீரிழிவு என்பதை மறந்து சீனியை அள்ளிப் போடுவார். கேட்டால், "நான் உங்களுக்குச் சொல்லுறதை எனக்குச் சொல்லாதேங்கோ" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பை இனி எங்கே கேட்பேன்?

நாற்பத்தொரு வயதில் நான் கர்ப்பமானேன். என் முடிவையும் அவரே கொண்டுவந்தார். டவுன் குறைபாட்டுக்கான வாய்ப்பு மிக அதிகம் என்றிருந்தது. நான் கோபத்தில் கத்தினேன். "இதை அறிஞ்சு நான் என்ன செய்யிற?"

"உறுதியாக்க இன்னொரு சோதினை இருக்கு. பிள்ளையின்ர இதயத்தையும் பார்க்கோணும். இதயத்தில குறையெண்டா, அதுக்கான டொக்டர் இருக்கிற இடத்தில பெறுவம்" என்றார். பிறகு, "பேர் யோசிச்சனீங்களோ?" என்று கேட்டார்.

"இல்லை."

"அதை யோசியுங்கோ. ரிப்போர்ட்டில இருக்கிறது நோயின்ர பேர். பிள்ளையின்ர பேர் இல்லை."

அடுத்த சோதனை டவுன் குறைபாட்டை உறுதியாக்கியது. இதயத்தில் ஓட்டையும் இருந்தது. முன்கூட்டியே தெரிந்ததால் மகனைக் கொழும்பில் பெற்றேன், பிழைத்தான். இப்போது அவனுக்கு ஆறு வயது.

மிஸ்ஸியின் செத்தவீட்டுக்கு அவனையும் கூட்டிப்போனேன். முன்பின் தெரியாத ஒரு பெண் அவன் முகத்தைப் பார்த்து, "இந்தப் பிள்ளை..." என்று இழுத்தார்.

"ஹாரிஸ்" என்றேன்.

மிஸ்ஸியிடமிருந்து நான் வைத்திருப்பது இந்தப் பதில்தான்.