தொப்பிக்கு வடக்கில் ஒரு பெயர்

"அண்ணா, அக்கா இன்னைக்கு மீட்டிங்ல செமையா பேசினாங்க!"

போன வாரம் ஒரு மாலையில் கார்த்திக் போனில் இப்படிச் சொன்னபோது எனக்குத் திக்கென்றது. கார்த்திக் கோயம்புத்தூர்க்காரர். ஐ.டி. வேலைக்காக ஒஸ்லோ வந்தவர், ஸ்டோவ்னரில் எங்கள் பக்கத்து வீடு. அவருக்குப் 'பேசினாங்க' என்றால் உரையாற்றினார்கள். யாழ்ப்பாணத்தானான எனக்கோ... ஏசினார்கள்!

என் மனைவி பவானி யாரை ஏசினாள்? அதுவும் அன்றைக்கா?

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். பவானி ஒரு பாலர் பள்ளியில் வேலை செய்கிறாள். தற்காலிக வேலை. அதை நிரந்தரமாக்குவதா, வேறு ஆளை எடுப்பதா என்று பொறுப்பாளர் யோசித்துக்கொண்டிருந்தார். "குளிர்காலப் பெற்றோர் கூட்டத்தை நீயே நடத்து, பார்ப்போம்" என்றாராம். அதுதான் பரீட்சை. கார்த்திக்கின் மகளும் அங்கேதான் போகிறாள். ஆகவே அவரும் கூட்டத்தில் இருந்தார். யாரை ஏசினாள் என்று அவரிடமே கேட்டேன்.

"யாரையும் திட்டலண்ணா. ஒரு தொப்பியைக் காட்டினாங்க. அதோட பேரைச் சொன்னதும் எல்லாரும் கப்சிப். எனக்கு நார்வேஜியன் அரைகுறைதானே... கையைத் தூக்கி, அதே பேரைச் சொல்லி, எந்தக் கடையில கிடைக்கும்னு கேட்டுட்டேன். ரெண்டு தடவை! ஹாலே சிரிச்சுது. தப்பான வார்த்தையாண்ணா?"

என்ன பெயர் என்று கேட்டேன். சொன்னார். நான் சோபாவை விட்டு எழும்பிவிட்டேன்.

தொப்பி உங்களுக்குத் தெரிந்ததுதான். ரஷ்யர்கள் போடுகிற ஃபர் தொப்பி. இரண்டு பக்கமும் காதுமடல். வேண்டாவிட்டால் மேலே தூக்கி உச்சியில் முடிச்சுப் போடலாம். குளிரென்றால் இறக்கி நாடிக்குக் கீழே கட்டலாம். ரஷ்ய மொழியில் 'உஷான்கா'. காதை வைத்து வந்த பெயராம், மரியாதையான பெயர். நோர்வேயின் வடக்கிலோ அதற்கு இன்னொரு பெயர். முதல் பாதி 'கரடி'. மறுபாதி — பெண்கரடியின் அந்தரங்கம். இதற்குமேல் எழுதினால் பத்திரிகை ஆசிரியர் இந்தப் பத்தியையே தூக்கிவிடுவார்.

நாங்கள் முதலில் இருந்தது நோர்வேயின் வடகோடியில், ஹம்மர்பெஸ்டில். மீன் தொழிற்சாலையில் நின்றுதான் பவானி இந்த நாட்டு மொழியைப் பழகினாள். அங்கே வயதான பெண்கள்கூடக் கூச்சமில்லாமல் சொல்லும் சொல் அது. ஒஸ்லோவில் அப்படியா? இங்கே மழையைத் திட்டிவிட்டும் மன்னிப்புக் கேட்பார்கள்!

வேலை போச்சு என்றே முடிவு கட்டிவிட்டேன். பவானி வந்தாள். நிதானமாகக் காலிலிருந்த சப்பாத்தைக் கழற்றினாள்.

"அந்தப் பேரைச் சொல்லிப்போட்டீராம்?"

"ஓம், சொன்னனான்."

"மன்னிப்புக் கேட்டனீரோ?"

"ஏனப்பா கேக்கவேணும்? சனம் சிரிச்சு முடியுமட்டும் பாத்துக்கொண்டு நிண்டனான். பிறகு சொன்னன்: வடக்கிலை இதுக்கு இதுதான் பேர், உங்கடை பாஷையை நான் அங்கைதான் பழகினனான். இஞ்சை நீங்கள் என்ன பேரெண்டாலும் வையுங்கோ, திங்கக்கிழமை ஒரு பிள்ளையின்ரை காதும் வெளியிலை தெரியப்படாது எண்டு."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. நானென்றால் வழிந்து, நெளிந்து, மன்னிப்புக் கேட்டே கூட்டத்தை முடித்திருப்பேன்.

வெளியிலிருந்து வந்த நாங்கள் ஒரு சொல் பிசகினால் ஏன் இப்படிக் கூனிக் குறுகுகிறோம்? இந்த நாட்டுக்காரரே ஊருக்கு ஒரு விதமாய்த்தானே பேசுகிறார்கள். துரொண்ட்ஹெய்ம்காரர் வேகமாய்ப் பேசினால் ஒஸ்லோக்காரர் முழிக்கிறார். அதற்காக அவர் மன்னிப்பா கேட்கிறார்? மொழியை உழைத்துப் பழகியவளுக்கு அதில் உரிமை இல்லையா என்ன?

திங்கட்கிழமை நல்ல குளிர். வந்த பிள்ளைகள் எல்லாரும் காதுமடல் தொப்பியோடு வந்தார்களாம்! கார்த்திக்கின் மகளுக்குத் தொப்பிக்குள் மூக்கு மட்டும்தான் தெரிந்ததாம். பள்ளி வருடா வருடம் ஈமெயில் அனுப்பியும் நடக்காத காரியம் இது.

பின்னேரம் பொறுப்பாளர் பவானியைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். வேலை நிரந்தரம். அடுத்த பெற்றோர் கூட்டமும் அவளுடையதுதான்.

"அடுத்தமுறை கதைக்கப்போறதை முதலே எழுதிக் காட்டச் சொன்னவவோ?" என்று கேட்டேன்.

"இல்லை. என்னிலை நம்பிக்கையாம்."

அவருக்கு நம்பிக்கை. எனக்குப் பெருமை... கொஞ்சம் பயமும்தான்!